பதிவேட்டோடு விற்ற வண்டி

தலைநகரில், கிட்வாய் நகரில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த அரசாங்க வீட்டோடு பின்வரிசையில் ஒரு கராஜும் சேர்ந்து வந்தது. அதில் முதலில் எங்கள் ஸ்கூட்டரும், கோயமுத்தூரிலிருந்து ரயிலேறி வந்த தேங்காய் மூட்டையும், கால் உடைந்த ஒரு கட்டிலும் இருந்தன. பிறகு என் அண்ணனின் கார் வந்தது. கட்டில் வெளியே போனது, ஸ்கூட்டர் மாடிப்படிக்கு அடியில் போனது, தேங்காய் எங்கள் படுக்கைக்கு அடியில் போனது. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வேட்டி என் வீட்டுக்காரருடையது. பிடித்து விட்டவள் நான்.

அண்ணன் ஜெர்மனியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். எண்பதுகளின் கடைசியில் குடும்பத்தோடு திரும்பியபோது, வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர்கள் ஒரு கார் கொண்டுவரலாம் என்ற சலுகையில் அதைக் கொண்டுவந்தார். வெள்ளி நிறம், இரண்டே கதவு, தரையை உரசுகிற உடம்பு. முன்விளக்குகள் மூடியே இருக்கும். சுவிட்சைப் போட்டால் இரண்டும் எழுந்து முழிக்கும். காலனிப் பிள்ளைகள் அதற்கு மேண்டக் என்று பேர் வைத்தார்கள். இந்தியில் தவளை. ஃபரீதாபாத்தில் பட்டறை போட வந்த அண்ணனுக்குப் பட்டறை அமையவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மறுபடியும் ஜெர்மனிக்கே கிளம்பினார். கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டே வருசம், அம்மிணி. வந்து எடுத்துக்கறேன். இது டர்போ வண்டி. சும்மா நிறுத்தி வெச்சா செத்துப்போயிரும்."

டர்போ என்றால் என்ன என்று கேட்டேன். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையாலேயே ஒரு சின்ன விசிறி சுற்றும், அந்தச் சுற்றலில் எஞ்சினுக்குள் கூடுதல் காற்று போகும், அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிற மாதிரி என்றார். வாரம் ஒரு முறை கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஓட்டி வந்ததும் சட்டென்று அணைக்கக் கூடாது. இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் விசிறிக்கு எண்ணெய் போகாமல் தீய்ந்துவிடும். நான் நன்றாகத் தலையாட்டினேன். அதையெல்லாம் வருடக்கணக்காகச் செய்தது என் வீட்டுக்காரர்.

அவர் ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, மே மாதமானாலும் சரி, மஃப்ளர் சுற்றிய ஜனவரியானாலும் சரி, கராஜைத் திறப்பார். மணிக்கு இருநூறுக்கு மேல் போகிற வண்டியை இருபதில் ஓட்டிக்கொண்டு காலனியை மூன்று சுற்று வருவார். பால் பூத்துக்காரன் சைக்கிளில் அவரைத் தாண்டிப் போவான். திரும்பி வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் முழுதாக முடியும்வரை உட்கார்ந்திருந்து அணைப்பார்.

அப்புறம் பதிவேடு. சரோஜினி நகர் சந்தையில் சொந்தக் காசில் வாங்கிய, கெட்டி அட்டை போட்ட நீளமான ரிஜிஸ்டர். ஆபீசிலிருந்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்கு வரக் கூடாது அவருக்கு. தேதி, ஸ்டார்ட் செய்த நேரம், அணைத்த நேரம், எண்ணெய் மட்டம், டயர் காற்று, குறிப்பு, கையொப்பம் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். குறிப்பு என்ற கட்டத்தில் "பானெட் மேல் புறா எச்சம், ஈரத்துணியால் துடைக்கப்பட்டது" என்பது மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே, பழக்க தோஷம், தன் பதவியையும் எழுதுவார். மச்சான் வண்டியைத் துடைத்ததற்கு எதற்கு செக்ஷன் ஆபீசர் என்று கேட்டால், "யாரு தொடச்சதுன்னு தெரிய வேண்டாமா?" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில் மட்டும் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஆபீசில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர், வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே, கேஸ் இணைப்பு, ஸ்கூல் ஃபாரம், வங்கித் தாள் எதுவானாலும் நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவார். ஒருமுறைகூட என்ன காகிதம் என்று கேட்டதில்லை. நான் பி.எஸ்ஸி. படித்தவள், வீட்டுக் காகிதம் என் இலாகா.

ரெண்டே வருசம் என்ற அண்ணன் எட்டு வருடம் கழித்துப் போன் செய்தார். வண்டியை விற்றுவிடலாம் என்றார். "இப்ப அது பழைய வண்டி இல்ல, அம்மிணி, கிளாசிக். பெயிண்ட் கூட ஃபேக்டரில அடிச்சது. இதைத் தேடி வாங்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க." ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவர் பேரில் இருந்தால் வாங்குகிறவர்கள் யோசிப்பார்களாம். தன் கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவங்களைக் கூரியரில் அனுப்பினார். மாப்பிள்ளை பேருக்கு மாற்றிவிடச் சொன்னார்.

"அவரு ஒத்துக்க மாட்டாருங்கண்ணா."

"மாப்ளகிட்ட எதுக்குக் கேக்கறே? நீ குறி போட்டா அவரு கையெழுத்துப் போடறாரு. வித்த பொறவு சொல்லிக்கலாம்."

இந்த வீட்டு ரகசியத்தை அண்ணனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தவளும் நான்தான். மறுநாள் காலை, காப்பியோடு மூன்று தாள்களை வைத்தேன். மூன்றிலும் பென்சில் குறி. கையெழுத்து விழுந்தது. ஒரு தரகர் வந்து, வண்டியின் சேஸிஸ் நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரத்தில் ஆர்.சி. என்கிற பதிவுப் புத்தகம் என் வீட்டுக்காரர் பேரில் வந்தது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். அப்போது எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்ததா என்றால், இல்லை. சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

ஜனவரி வந்தது. ஒவ்வொரு வருடமும் அவர் தன் சொத்து விவரத்தை ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்கூட்டர், ஊரில் கால் பங்கு வீடு, கார் இல்லை. எழுதி முடித்து எனக்கும் படித்துக் காட்டினார். நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த வருடம் எங்களுக்கு முக்கியமான வருடம். கிளார்க்காகச் சேர்ந்து முப்பத்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஓய்வு பெற ஒன்றரை வருடம் பாக்கி. அண்டர் செக்ரெட்டரி பதவி உயர்வுப் பட்டியலில் அவர் முறை வந்திருந்தது. அதை விட்டால் அடுத்தது கிடையாது. செக்ஷன் ஆபீசர் ஒரு ஹாலில் இருபது பேரோடு உட்கார வேண்டும். அண்டர் செக்ரெட்டரிக்குத் தனி அறை, கதவு, கதவில் பேர். அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. நான்தான் தினமும் கேட்டேன், எனக்குத்தான் அந்தக் கதவு வேண்டியிருந்தது.

மார்ச்சில் ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அண்ணன் போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன்: நன்கு பராமரிக்கப்பட்ட டர்போ ஸ்போர்ட்ஸ் கார், சேகரிப்பாளர்கள் மட்டும் அணுகவும். மச்சான் தன் வண்டியை விற்கிறார் என்றதும் என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்தான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டேன். கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை என்பது சரிதான். ஒருவருக்கு நிறம் பிடிக்கவில்லை, ஒருவருக்கு ரப்பர் வாடை பிடிக்கவில்லை. ஐந்தாவதாக வந்தவர்தான் உண்மையான ஆள். எழுபது வயது பஞ்சாபிக்காரர். மெஹ்ரோலிப் பக்கம் பண்ணை வீட்டில் பதினோரு பழைய வண்டிகள் வைத்திருந்தார். வெள்ளைப் பைஜாமாவோடு கராஜின் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் அரை மணி நேரம் பார்த்தார். எழுந்து வந்து, இருக்கைத் தோலை முகர்ந்தார். என் வீட்டுக்காரர் பதிவேட்டைக் காட்டினார். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"பாய் சாஹப், முப்பது வருசமா வண்டி வாங்கறேன். இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை" என்றார் இந்தியில். "வண்டியோட இந்தப் புத்தகமும் வேணும். அச்சா, காகிதங்களைக் காட்டுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். காகிதம் என் இலாகா. உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தேன். பதிவுப் புத்தகத்தைக் காணோம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். தேடிக் கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் அவரே வந்து தேடுவார். கொண்டுவந்து, நேராகப் பஞ்சாபிக்காரர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சொந்தக்காரர் மச்சான்னு சொன்னீங்களே? இதுல உங்க பேர்தானே இருக்கு?"

என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். நிதானமாக மடித்தார். "ஆமா, என் பேர்தான்" என்றார். அவ்வளவுதான். வந்தவருக்கு எதிரில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர் போகும்வரை நான் சமையலறையில் நின்றேன்.

அவர் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.

"ஏனுங்க, பத்து நாள்ல வண்டி போயிரும், பேரும் போயிரும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல."

"லிஸ்ட்டு வர்ற வரைக்குமாவது பொறுங்க."

"ஜனவரில கார் இல்லீன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அப்பத் தெரியாது. இப்பத் தெரிஞ்சும் கம்முனு இருந்தா அது பொய்யாயிரும்."

தவளை தன் வாயால் கெடும் என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. அழுதேன், அண்ணனைத் திட்டினேன், அவரையும் திட்டினேன். எதுவும் நடக்கவில்லை. கடைசியில், "அப்ப நாந்தான் பண்ணுனேன்னு எழுதுங்க. என்ற பேரைப் போட்டே எழுதுங்க" என்றேன். அரசாங்க ஊழியரின் மனைவியாக முப்பது வருடம் குப்பை கொட்டினால் விதிகளெல்லாம் தானாக வந்துவிடும். படிக்காமல் கையெழுத்துப் போட்டது கவனக்குறைவு, ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். தெரிந்தே மறைத்தால் அது குற்றம், பட்டியலிலிருந்து பேர் எடுபடும். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

"நடந்தத எழுதறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தார். விசாரணை நடந்தது. பதிவேட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தன்னுடையது இல்லாத வண்டிக்கு எட்டு வருடம் வாராவாரம் பதவியோடு கையெழுத்துப் போட்டு யார் கணக்கு வைத்திருப்பார்கள் என்று கேட்டார்களாம். பஞ்சாபிக்காரர் மயங்கிய அதே பக்கங்கள்தான். ஏப்ரலில் பட்டியல் வந்தது. அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேருக்குக் கதவு கிடைத்தது. இவருக்கு ஒரு கண்டன ஆணை கிடைத்தது. என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று நானும் கேட்கவில்லை.

அண்ணன் போனில், "ஒரு பேரை மாத்துனதுக்கா மாப்ள இப்பிடி?" என்று சிரித்தார். அன்றோடு அவரோடு நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பதிவேடு ஆபீசிலிருந்து திரும்பி வந்ததும் பஞ்சாபிக்காரர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். கடைசித் தடவையாக என் வீட்டுக்காரர்தான் ஸ்டார்ட் செய்தார். பதிவேட்டில் கடைசி வரியையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதவியையும் போட்டு, மூடிக் கொடுத்தார்.

மறுவருடம் செக்ஷன் ஆபீசராகவே ஓய்வு பெற்றார். ஹாலில் வைத்து ஒரு சால்வை போட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து மயூர் விஹாருக்கு வந்தோம். அங்கே வந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. முருகன் கோயிலில், கொலுவில், கல்யாணத்தில், யார் கிடைத்தாலும் இந்தக் கதையைச் சொல்வேன். என் தப்பையும் மறைக்காமல்தான் சொல்வேன். "நாந்தானுங்க ஏமாத்திக் கையெழுத்து வாங்குனேன். அவரு உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுத்தாரு. உண்மைக்கு அந்தக் கட்டடத்துல கெடச்ச மரியாதை இதுதான்" என்பேன். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். என்னுடைய நேர்மையையும் பாராட்டுவார்கள். சொல்லச் சொல்ல எனக்கு மனசு லேசாகும். அவர் பக்கத்தில் இருந்தால் எழுந்து போய் வேறு யாரோடாவது மழை பெய்யாததைப் பற்றிப் பேசுவார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு அந்தப் பஞ்சாபிக்காரர் வீடு தேடி வந்தார். இவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். பழைய வண்டிகளின் கண்காட்சி ஒன்றில் தவளையை நிறுத்தி, பக்கத்திலேயே பதிவேட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாராம். கூட்டம் வண்டியை விட்டுவிட்டுப் பதிவேட்டைப் பார்த்ததாம். அட்டை பிரிந்திருக்கிறதே என்று பைண்டிங் செய்யப் பிரித்தபோது, உள்பக்கத்திலிருந்து ஒரு காகிதம் விழுந்திருக்கிறது.

"வண்டி சம்பந்தப்பட்ட எந்தக் காகிதத்தையும் நான் யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை, பெஹன்ஜி. இது உங்க வீட்டுக் காகிதம். அதான் கொண்டுவந்தேன்." தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இவர் எழுதிக் கொடுத்ததன் நகல் அது, பெற்றுக்கொண்டதாக ஆபீஸ் முத்திரை குத்தியது. பதிவேடு திரும்பி வந்தபோது அட்டைக்குள் செருகி வந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில், அவருடைய சாய்வில்லாத கையெழுத்தில் நான்கே வரி. மேற்படி வாகனம் என் பெயருக்கு மாற்றப்பட்டதை நான் தொடக்கத்திலிருந்தே அறிவேன். படிவத்தைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டேன். சொத்து விவரத்தில் அதைக் குறிப்பிடாதது முழுக்க என் குற்றம். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

மூன்று தடவை படித்தேன். கார் தன் பேரில் இருப்பதைப் பத்து நாள் மறைக்க முடியாத மனிதர், எனக்காக நாலு வரியில் மூன்று பொய் எழுதியிருந்தார். இரண்டு வருடமாக ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்த கதையில் அவருடைய பங்கு மட்டும் நடக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது. என் தப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று கோபம்.

பையோடு உள்ளே வந்தவர் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"நடந்தத எழுதறேன்னு சொன்னீங்களே?"

"எழுதத்தான் உக்கோந்தேன். ஒரு தாள் எழுதியும் முடிச்சுட்டேன். அப்பறம் கிழிச்சுப் போட்டேன்."

"ஏனுங்க?"

"ஃபைல்ல ஒரு பேரு ஏறினா எறங்காது. நான் செத்த பொறவும் இருக்கும். எவனோ ஒருத்தன் டீ குடிச்சிட்டே, சம்சாரம் புருசனை ஏமாத்திட்டாடான்னு படிப்பான். அதுக்கு நான் ஹால்லயே உக்கோந்துக்கறேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? ஊரெல்லாம் நான் ஒளறிட்டுத் திரிஞ்சனே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? அடுத்த பஸ்ஸைப் புடிச்சு ஆபீசுக்கு வந்து, நாந்தான் பண்ணுனேன்னு எழுதிக் குடுத்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்னைய?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. கத்தரிக்காயைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த ஏப்ரலில் என்னை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. கிட்வாய் நகரிலிருந்து அவர் ஆபீசுக்கு ஒரே பஸ்தான். நல்லவேளை கூப்பிடவில்லை என்று சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அவர் சொல்லியிருந்தாலும் நான் போய் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.